உயிராற்றலின் ஊற்றைக் கண்டவர்

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். காவடி சுமந்து ஏறும் அடியவரின் ஒவ்வோர் அடிக்கும் தசைகள் சுருங்கி விரிகின்றன. அதற்குரிய ஆற்றலை வழங்கும் மூலக்கூறு, ஏடிபி எனச் சுருக்கமாக வழங்கும் அடினோசின் டிரைபாஸ்பேட் ஆகும். அதனைத் தசையில் கண்டறிந்தோருள் ஒருவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லப்பிரகத சுப்பாராவ்.

இவர் 1895ஆம் ஆண்டு ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார், வறுமையில் வாடினார். ஸ்புரூ என்னும் குடல்நோய்க்கு உடன்பிறந்தாரைப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயிலும்போது, காந்தியடிகளின் அழைப்பையேற்றுக் கதராடை உடுத்தினார். அது ஆங்கிலப் பேராசிரியரின் சினத்தைத் தூண்டியது. தேர்வில் சிறந்தும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது.

1922இல் அமெரிக்கா சென்றார். இரவில் மருத்துவமனையில் எளிய பணி செய்து, பகலில் ஹார்வர்டில் பயின்றார். 1925இல் சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து, குருதியிலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை வகுத்தார். அம்முறையின் துணையால் 1927இல் பாஸ்போகிரியேட்டினையும், 1929இல் ஏடிபியையும் இருவரும் வெளிப்படுத்தினர். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் ஏடிபியைத் தனித்துக் கண்டறிந்தார்.

ஏடிபியின் பணி ஆற்றல் வழங்குவதோடு முடிவதில்லை. படியேறுபவரின் குருதியில் அட்ரினலின் சுரந்தால், அச்செய்தி தசையணுவின் புறச்சவ்வை எட்டுகிறது. உள்ளே கைனேஸ் என்னும் நொதி, ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பெற்று வேறொரு நொதியில் இணைக்கிறது. அடங்கியிருந்த அந்நொதி செயல்படத் தொடங்கிச் சேமிப்பிலுள்ள கிளைக்கோஜனைப் பிரிக்கிறது. தேவை தீர்ந்தபின், பாஸ்பட்டேஸ் என்னும் நொதி அந்தப் பாஸ்பேட்டை நீக்க, செயல் அடங்குகிறது. இந்நுட்பத்தை 1950களில் விளக்கிய எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்சும் 1992இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாமையால், சுப்பாராவ் 1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புரூவுக்கு அது மருந்தாயிற்று. அதன் சாயலில் ஆக்கப்பட்ட அமினோப்டெரின், நொதியொன்றைத் தடுத்துப் புற்றணுக்கள் பெருகுவதை நிறுத்தியது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதனை இரத்தப்புற்று கண்ட குழந்தைகளுக்கு அளித்தபோது, சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதன் வழிவந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது.

1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், சுப்பாராவ் நியூயார்க்கில் உறக்கத்திலேயே மறைந்தார். பெரும்பரிசு எதுவும் அவரை அடையவில்லை. மலையேறுவோர் பலர் அவர் பெயரை அறியார். ஆயினும் அவர் கண்டறிந்த பொருளே அவர்களை ஒவ்வொரு படியிலும் ஏற்றிச் செல்கிறது.