சுமை குறைத்த சான்றோன்

நோர்வே என்னும் நாட்டின் பெயர் யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்று அடிக்கடி ஒலிக்கும் பெயர்களுள் ஒன்று. நம்மவர் பலருடைய பேரப்பிள்ளைகள் அங்கே பிறந்து வளர்கின்றனர். காரைநகரிற் படகு கட்டிய சீநோர் நிறுவனத்தை நினைவிற் கொண்ட முதியோரும் நம்மிடையே உளர். அந்நாட்டுக்கும் நமக்குமுள்ள உறவை வேறொரு வழியால் உணர்த்தவல்ல பெருமகன் ஒருவரின் வரலாற்றை நம் மாணாக்கர் அறிந்திருத்தல் நன்றென எண்ணியே இதனை எழுதப் புகுந்தேன். அவர் பெயர் பிரிட்யொவ் நான்சன். அவரை வடதுருவப் பயணி என்று சிலர் அறிவர். சமாதானத்துக்கான நொபெல் பரிசு பெற்றவர் என்று வேறு சிலர் அறிவர். இவ்விரு புகழும் ஒரே குணத்தினின்று கிளைத்தவை என்பது என் துணிபு. இன்றியமையாதது எது, விட்டுச் செல்லத்தக்கது எது என்று பகுத்தறியும் ஆற்றலே அக்குணம்.

நான்சன் 1861 ஒக்டோபர் 10 ஆம் நாள், இன்று ஒஸ்லோ என வழங்கும் கிறிஸ்தியானியா நகரின் அயலிலே பிறந்தார். தந்தையார் சட்டத்தரணி, சிக்கனமும் கட்டுப்பாடும் உடையவர். தாயாரோ பெண்கள் பெரிதும் ஈடுபடாத காலத்திலேயே பனிச்சறுக்கிற் பழகியவர். மைந்தரும் நடக்கப் பழகிய சில ஆண்டுகளுள்ளே சறுக்குப் பலகையிற் பழகினார்.

பனியைக் காணாத நமக்குச் சறுக்குப் பலகையின் பயனைச் சிறிது விளக்குதல் வேண்டும். மாரிகாலத்தில் அந்நாட்டு மலைகளெல்லாம் வெண்பனியால் மூடிக் கிடக்கும். காலை ஊன்றினால் தொடையளவு புதையும். நம் கடனீரேரிச் சேற்றில் இறங்கி நடந்தவர்க்கு அவ்வருமை விளங்கும். சேற்றின்மேற் பலகையொன்றை இட்டு அதன்மீது நின்றால், உடற்பாரம் பலகை முழுவதிலும் பரவுதலாற் கால் புதைவதில்லை. பனிச்சறுக்குப் பலகையும் அத்தகையதே. நீண்டு, ஒடுங்கி, முனை மேல்நோக்கி வளைந்த இரு மரப்பலகைகளைக் கால்களிற் கட்டிக்கொண்டு பனியின்மேல் வழுக்கிச் செல்வர். ஏற்றத்திலே பின்வழுக்காதிருக்கப் பலகையின் அடியில் விலங்குத் தோலைப் பொருத்துவதும் உண்டு. தோலின் மயிர் பின்னோக்கிச் சாய்ந்திருத்தலால், முன்செல்லும்போது வழிவிடும். பின்சறுக்கும்போது பனியைப் பற்றிக்கொள்ளும்.

நோர்வேயில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்திருந்தபோது, அங்குள்ளோர் பாதையற்ற மலைகளில் மாரிகாலத்தே பல நாட் பயணம் போகும் வழக்கத்தைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு பொருளையும் தராசில் நிறுத்த பின்னரே முதுகுப்பையில் வைப்பார்களாம். பல் விளக்கும் தூரிகையின் பிடியையும் பாதியாக அறுத்துவிடுவோர் உண்டாம். கேட்டு நகைத்தேன், பின்னர் நான்சன் வரலாற்றைப் படித்தபோது அந்நகை அடங்கிற்று. பனிவெளியில் ஒரு கிலோ பாரம் என்பது ஒரு நாள் உணவுக்கு ஏறக்குறைய நிகர். சிலபோது ஓருயிர்க்கும் நிகர்.

இளமையில் விலங்கியல் பயின்ற நான்சன், 1882 ஆம் ஆண்டிலே கடல்நாய் வேட்டைக் கப்பலொன்றில் ஏறி வடகடல் சென்றார். கிறீன்லாந்துத் தீவின் கிழக்குக் கரையைத் தொலைவிலிருந்து கண்டதும் அப்பயணத்திலேதான். திரும்பி வந்து பேர்கன் நகர நூதனசாலையிற் பணி ஏற்றார். 1884 ஆம் ஆண்டு மாரியில் பேர்கனிலிருந்து கிறிஸ்தியானியாவுக்கு மலைகளைக் கடந்து சறுக்குப் பலகையிலேயே சென்றார். நரம்பு மண்டலம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1888 ஆம் ஆண்டிலே கலாநிதிப் பட்டமும் பெற்றார். அதே ஆண்டில், உள்நாடு முழுவதும் பனிக்கட்டியால் மூடிய கிறீன்லாந்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டார்.

அவருக்கு முன் முயன்றோர் குடிகள் வாழும் மேற்குக் கரையிலிருந்து உள்ளே புகுந்து, முடியாதபோது திரும்பி வந்தனர். நான்சன் மாறாக எண்ணினார். ஆளரவம் அரிதான கிழக்குக் கரையிலே தொடங்கினால், உணவும் உறைவிடமும் முன்னாலே மேற்கில்தான் உண்டு, திரும்புவதற்கு ஒன்றுமில்லை. திரும்பும் பயணத்துக்குரிய உணவையும் சுமக்க வேண்டுவதில்லை. பலர் இதனைப் பித்தென்றனர். நோர்வே அரசு பண உதவி மறுத்தது. டென்மார்க்கு நாட்டு வணிகர் ஒருவரே பொருள் தந்தார்.

அவர் கருவிகளைத் திருத்திய முறை நாம் கருதத்தக்கது. அக்காலத்துச் சறுக்குவண்டிகள் பாரமானவை. நான்சன் நோர்வே உழவர்களின் பழைய வண்டியை மாதிரியாகக் கொண்டு, சறுக்குப் பலகை போன்ற அகன்ற அடிக்கட்டைகளோடு புதிய வண்டியைச் செய்வித்தார். அதன் எடை ஏறக்குறைய 13 கிலோ. ஆணி அறைந்தால் மரம் பிளக்கும். ஆகவே மூட்டுகளெல்லாம் கட்டியே பிணைக்கப்பட்டன. கயிற்றாற் பிணைத்த கட்டுமரம் அலையிலே நெளிந்து கொடுத்து உடையாதிருப்பதை நம் கடற்றொழிலாளர் அறிவர். அந்த நுட்பமே அந்த வண்டியிலும் அமைந்தது. மேலும், ஒரு பொருள் ஒரு தொழிலோடு நில்லாமல் இரண்டு மூன்று தொழில் செய்யவேண்டுமென்பது அவர் கொள்கை. கூடாரத்தின் நிலவிரிப்பு, காற்று வாய்த்தபோது வண்டிகளை இழுக்கும் பாயாயிற்று. கடற்கரையை அடைந்ததும், கிளைகளை வளைத்துக் கட்டிய சட்டத்தின்மீது போர்த்தப்பட்டுப் படகுமாயிற்று.

நான்சனோடு ஐவர் சென்றனர். அவருள் இருவர், வடபுலத்திலே துருவமான் மேய்க்கும் சாமி என்னும் இனத்தவர். 1888 ஜூலை 17 ஆம் நாள் கப்பலை விட்டு இறங்கினர். மிதக்கும் பனிக்கட்டிகள் அவர்களைப் பன்னிரண்டு நாள் தெற்கே அடித்துச் சென்றன. கரையேறிப் பின் வடக்கே படகு வலித்து, ஓகஸ்ட் 15 ஆம் நாளே உள்நாட்டுப் பயணத்தைத் தொடங்கினர். ஒவ்வொருவரும் ஏறக்குறைய 100 கிலோ பாரத்தை இழுத்தனர். கடல்மட்டத்துக்கு மேல் 2,700 மீற்றருக்கும் உயர்ந்த பனிமேட்டைக் கடந்தனர். குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 45 பாகைவரை இறங்கிற்று.

சுமை குறைத்தலுக்கும் ஓர் எல்லை உண்டென்பதை அப்பயணமே அவருக்குக் கற்பித்தது. கொண்டுசென்ற உலர்ந்த இறைச்சியிற் கொழுப்பு நீக்கப்பட்டிருந்தது. பாரம் குறைவு, உணவு மிகுதி. ஆயினும் கொழுப்பின் பசி அறுவரையும் வாட்டிற்று. பங்கிட்ட வெண்ணெயைக் கட்டியாகவே உண்டனர். இன்றியமையாததை நீக்கினால் எஞ்சியது எவ்வளவு இருந்தும் பயனில்லை என்னும் உண்மையை உடம்பினாலே அறிந்தவர் அவர். செப்டெம்பர் இறுதியில் மேற்குக் கரையை அடைந்து, ஒக்டோபர் 3 ஆம் நாள், இன்று நூக் எனப்படும் கொட்ஹொப் குடியிருப்பிற் புகுந்தனர். ஊர் திரும்பக் கப்பல் இல்லாமையால் அம்மாரியை அங்கேயே கழித்தபோது, நான்சன் இனுவிற் மக்களிடம் தோற்படகு செலுத்தும் கலையை மாணாக்கனாயிருந்து கற்றார். 1890 இல் வெளிவந்த அவரது பயண நூல் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் பனிச்சறுக்கைப் பரப்பிற்று.

அடுத்துப் பனிக்கட்டி நெருக்கினால் நொறுங்காமல் மேலெழும்பத்தக்க உருண்ட அடியுடைய பிறாம் என்னும் கப்பலைக் கட்டுவித்து, 1893 ஆம் ஆண்டிலே வடதுருவக் கடலுக்குச் சென்றார். 1895 மார்ச் 14 ஆம் நாள், யோகான்சன் என்னும் துணைவர் ஒருவரோடு, 28 நாய்களும் மூன்று சறுக்குவண்டிகளும் இரு சிறு படகுகளும் கொண்டு கப்பலை விட்டு நீங்கினார். அப்போது அவர்கள் கொண்டுசென்ற அடுப்பு, நம் சமையலறைகளும் பழகிய, காற்றடித்து எரிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பே. நான்சன் அதன்மேல் ஒன்றனைச் சூழ ஒன்றாக அமையும் பாத்திரங்களைப் பொருத்தினார். உள்ளே உணவு வேக, வீணே போகும் வெப்பம் வெளிப் பாத்திரத்துப் பனியை உருக்கிக் குடிநீராக்கிற்று. எரிபொருட் சுமை குறைந்தது. பிற்காலத் துருவப் பயணிகள் பலரும் அவர் பெயராலேயே அந்த அடுப்பைக் கொண்டுசென்றனர்.

ஏப்ரலில், அதுவரை மனிதர் எவரும் எட்டாத 86 பாகை 14 கலை வட அகலக்கோட்டை அவ்விருவரும் எட்டினர். துருவம் இன்னும் தொலைவிலிருந்தது. உணவைக் கணக்கிட்டு அங்கேயே திரும்பினார் நான்சன். வண்டி இழுத்த நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்றவற்றுக்கு இரையாக்க நேர்ந்த கொடுமையும் அப்பயணத்தில் உண்டு. வரலாற்றை எழுதுவோர் அதனை மறைத்தல் தகாது. பிரான்ஸ் யோசப் நிலத்தீவிலே கல்லடுக்கிய குடிசையில் ஒரு மாரி முழுவதும் கரடியிறைச்சி உண்டு உயிர்தாங்கி, 1896 ஜூனில் ஆங்கிலப் பயணி ஜாக்சனைக் கண்டு, ஓகஸ்டில் நாடு சேர்ந்தனர். 1911 ஆம் ஆண்டிலே தென்துருவம் எட்டிய அமுண்ட்சன் ஏறிச் சென்றதும் இதே பிறாம் கப்பலில்தான்.

இனி அவர் வாழ்வின் பிற்பகுதி. 1906 முதல் 1908 வரை இலண்டனில் நோர்வேயின் தூதராயிருந்தார். முதலாம் உலகப் போர் முடிந்தபின், ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம், போர்க்கைதிகளைத் தாயகம் சேர்க்கும் பணியை 1920 இல் அவரிடம் ஒப்படைத்தது. இரண்டாண்டுக்குள் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பினர். 1921 இல் ருசியாவிலே பெரும்பஞ்சம் தோன்றியபோது அரசுகளிடம் கடன் கேட்டு மன்றாடினார். அரசுகள் மறுக்கவே, பொதுமக்களிடம் பணம் திரட்டினார். அவ்வாண்டே அகதிகளுக்கான உயர் ஆணையாளர் பதவியும் அவரைச் சேர்ந்தது.

ருசியாவினின்று வெளியேறி, குடியுரிமை பறிக்கப்பட்டு, எந்நாட்டவரென்று சொல்ல வழியின்றி நின்றோர் 10 இலட்சத்துக்கும் அதிகமாவர். அவர்களுக்கு உணவும் உடையும் வேண்டியிருந்தன. எனினும், இவர் இன்னார் என்று சொல்லும் சான்று இல்லாதவர்க்கு எல்லை திறவாது, தொழில் கிடையாது. நான்சன் அந்த ஒன்றைக் கண்டுகொண்டார். 1922 இல் அவர் முயற்சியால் ஒரு தாள் பிறந்தது. நான்சன் கடவுச்சீட்டு என்று அதனை உலகம் அழைத்தது. காலப்போக்கில் 50 இற்கும் மேற்பட்ட அரசுகள் அதனை ஏற்றன. இசைமேதை ஸ்திராவின்ஸ்கி, ஓவியர் சாகால் முதலியோரும் அதனைக் கைக்கொண்டே நாடு கடந்தனர். பனிவெளியிலே எதை விட்டால் மனிதன் மடிவான் என்று நிறுத்துப் பழகிய கண்ணுக்கே, இடம்பெயர்ந்தவனுக்கு எது இன்றியமையாதது என்பதும் புலப்பட்டது. அவ்வாண்டு கிடைத்த நொபெல் பரிசின் பணத்தை அவர் நிவாரணப் பணிகளுக்கே செலவிட்டார்.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்து நெரிசலில் யானும் நின்றேன். என் துவிச்சக்கர வண்டியில் அரிசி ஒரு பை, தாயாரின் மருந்து, மழைக்கு நனையாமற் பொலித்தீனிற் சுற்றிய அடையாள அட்டைகளும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும் இருந்தன. நன்னூலும் தொல்காப்பியமும் வீட்டிலேயே இருந்துவிட்டன. அருகே நின்ற ஒவ்வொருவரும் அவ்வாறே தத்தம் மனத்தராசில் நிறுத்து வந்திருந்தனர். விரும்பிச் சுமை குறைப்பது பயிற்சி; விரும்பாமலே அனைத்தையும் இழப்பது துன்பம். இரண்டும் ஒன்றல்ல. முதலதைத் தானே தேடிக் கற்று, அக்கல்வியை இரண்டாமதில் உழன்றோர்க்குப் பயன்படுத்தியமையே நான்சனின் பெருமை.

1930 மே 13 ஆம் நாள் அவர் தம் இல்லத்திலே காலமானார். அவர் பெயராலமைந்த அகதிகள் பணியகம் 1938 இல் நொபெல் பரிசு பெற்றது. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை வழங்கும் பயண ஆவணம் அவருடைய கடவுச்சீட்டின் வழித்தோன்றலேயாகும். அவ்வாவணத்தை ஏந்தி நாடுவிட்டு நாடு சென்ற பிள்ளைகள் நம் ஊர்களிற் பல வீடுகளில் உளர். ஆசிரியப் பெருமக்கள் நான்சனைப் புவியியற் பாடத்திற் பயணியாகவும், வரலாற்றுப் பாடத்திற் கருணையாளராகவும் வேறுபிரித்துக் கற்பிக்க வேண்டுவதில்லை. தாம் இழுக்கும் வண்டியின் பாரத்தைக் குறைக்கக் கற்ற ஒருவர், பிறர் நெஞ்சின் பாரத்தையும் குறைத்தார் என்று ஒரே கதையாகச் சொல்லுதல் சாலும்.