ஸ்காலர்ஷிப்பை இழந்த ராமானுஜனுக்கு மீண்டும் அது கிடைத்தது எப்படி?

கணித மேதை சீனிவாச ராமானுஜன் என்றதும் கேம்பிரிட்ஜும் 1729 என்ற எண்ணும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால், அவர் வாழ்க்கையின் முக்கியமான திருப்பங்களில் எல்லாம் ஓர் உதவித்தொகை இருந்தது. முதலில் கிடைத்தது பறிபோனது. அடுத்தது, விதி இடம் கொடுக்காதபோதும் கிடைத்தது. கடைசியாகக் கிடைத்ததை என்ன செய்யச் சொன்னார் தெரியுமா?

20 ரூபாய் சம்பளம், 32 ரூபாய் ஃபீஸ்

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடியும், வெளியூர் மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டும் குடும்பத்தை ஓட்டினார்.

டவுன் ஹைஸ்கூலில் படித்த ராமானுஜன், 1904-ல் கணிதத்துக்கான பரிசோடு வெளியே வந்தார். அடுத்து கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பு. ஒரு டெர்முக்கு ஃபீஸ் 32 ரூபாய். அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம்! ஸ்காலர்ஷிப் கிடைத்ததால்தான் கல்லூரிக்குள் போக முடிந்தது.

ஏன் பறிபோனது?

எஃப்.ஏ. படிப்பில் கணக்கு மட்டும் இல்லை. ஆங்கிலம், உடலியல், சம்ஸ்கிருதம், கிரேக்க - ரோமானிய வரலாறு எல்லாம் உண்டு. ராமானுஜனோ மற்ற வகுப்புகளிலும் கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் ஃபெயில். ஸ்காலர்ஷிப் ரத்து.

அம்மா நேரில் போய் பிரின்ஸிபாலிடம் முறையிட்டார். மரியாதையாகப் பேசினார்கள், ஆனால், விதி விதிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சில மாதங்கள் சமாளித்துப் பார்த்த ராமானுஜன், 1905 ஆகஸ்டில் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிட்டார். அப்போது அவருக்கு 17 வயது.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி முயன்றார். அங்கும் அதே கதை. இரண்டு முறை எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. டிகிரி என்ற கதவு அத்தோடு மூடியது.

நோட்டுப் புத்தகத்தோடு ஓர் அலைச்சல்

1909-ல் திருமணம். வேலை அவசரமாகத் தேவைப்பட்டது. சான்றிதழ் இல்லாத ராமானுஜன், தன் கணித நோட்டுப் புத்தகங்களையே சான்றிதழாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய வி.ராமஸ்வாமி ஐயர் அவற்றைப் பார்த்துவிட்டு, அறிமுகக் கடிதங்கள் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அந்த வழியில்தான் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. அவர் தன் சொந்தப் பணத்தில் மாதம் 25 ரூபாய் கொடுத்தார்.

வேறு ஸ்காலர்ஷிப் வாங்கித்தர எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. ஒருவருக்குப் பாரமாக இருப்பதும் ராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை. 1912 மார்ச் 1-ல் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய்.

விதி வளைந்த இடம்

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அங்கிருந்து வந்த பாராட்டு, சென்னையில் பேச்சானது. பிப்ரவரியில் துறைமுகத்துக்கு வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், நோட்டுகளைப் பார்த்துவிட்டு மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார்.

சிக்கல் ஒன்றுதான்: ஆராய்ச்சி உதவித்தொகை எம்.ஏ. முடித்தவர்களுக்கு மட்டுமே. ராமானுஜன் எஃப்.ஏ. கூடத் தேறாதவர். ஆனால், ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்று அதன் சட்டத்தின் முகவுரையே சொல்கிறதே என்ற வாதம் அங்கே வென்றது. மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும். கிளார்க் சம்பளத்தைவிட இரண்டரை மடங்கு!

1914-ல் இங்கிலாந்து போக ஆண்டுக்கு 250 பவுண்டும் பயணச் செலவுக்குத் தனியாகப் பணமும் கொடுத்தது அதே பல்கலைக்கழகம். டிரினிட்டி கல்லூரி 60 பவுண்டு சேர்த்துத் தந்தது. உதவித்தொகையில் ஆண்டுக்கு 50 பவுண்டு ஊரில் இருந்த குடும்பத்துக்குப் போனது.

நமக்கு என்ன இருக்கிறது இதில்?

இன்றும் பல ஸ்காலர்ஷிப்கள் முதல் வருடம் கிடைத்தால் அடுத்த வருடம் தானாக வந்துவிடாது. எத்தனை மார்க், எந்தெந்தப் பாடம், எவ்வளவு அட்டெண்டன்ஸ் என்று புதுப்பித்தலுக்குத் தனி நிபந்தனைகள் இருக்கும். வாங்கும் அன்றே அதைப் படித்துவிட வேண்டும். இன்னொன்று, ராமானுஜனுக்கு விதி தானாக வளையவில்லை. அவருடைய வேலையைப் பார்த்தவர்கள் எழுதிய கடிதங்கள்தான் வளைத்தன. உங்களை அறிந்த ஆசிரியரிடம் பரிந்துரை கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கடைசி உதவித்தொகை

1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார் ராமானுஜன். அதன் பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 250 பவுண்டு தர முன்வந்தது. உடல் நலிந்திருந்த அவர் 1919 ஜனவரியில் பதில் எழுதினார். இந்தத் தொகை தன் தேவைக்கு மேல் அதிகம். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டும் தன் அவசியச் செலவும் போக மீதியைக் கல்விக்குச் செலவிடலாம் என்பது அவர் கருத்து. எதற்கு என்றும் குறிப்பிட்டிருந்தார்: ஏழை, அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்க, பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்க.

அந்த மார்ச்சில் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயது 32. ஃபீஸ் கட்ட முடியாமல் வீட்டைவிட்டுப் போன நாளிலிருந்து 15 வருடங்கள்கூட முடிந்திருக்கவில்லை.