சிறு கதிரைகள் செய்வித்த வைத்தியர்

எங்கள் நாட்டில் மொண்டிசோரி என்றால் முன்பள்ளி. எந்த முறையில் கற்பித்தாலும், எதுவும் கற்பிக்காமல் விட்டாலும் பெயர்ப்பலகையில் அந்தச் சொல் இருக்கும். அது ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் என்பதும், அவர் என்னைப் போல ஒரு வைத்தியர் என்பதும் எனக்கே மருத்துவக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. நூற்றாண்டு மலருக்கு நீரிழிவு பற்றி எழுதித் தருவதாகத்தான் மலர்க்குழுவினரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். மன்னிக்க வேண்டும், எழுத அமர்ந்தபோது மரியா மொண்டிசோரியே வந்தார்.

அவர் 1870 ஆகஸ்ட் 31 இல் இத்தாலியின் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அரச உத்தியோகத்தர். ஐந்து வயதில் குடும்பத்தோடு ரோமுக்கு வந்த மரியா, ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழினுட்பப் பாடசாலையில் சேர்ந்து கணிதம் படித்தார். பின்னர் மருத்துவம் படிக்கப் போவதாகச் சொன்னபோது தந்தைக்குப் பிடிக்கவில்லை. தாயார் ரெனில்டேதான் துணை நின்றார். ஆண் மாணவர்களோடு ஒரு பெண் உடற்கூறு பார்ப்பது ஒழுக்கமல்ல என்று கருதிய காலம் அது. எல்லோரும் வீட்டுக்குப் போன பின், பிரேத அறையில் தனியாக நின்று அவர் வெட்டிப் படித்தார். உடற்கூற்று அறையில் முதல் நாள் நின்றவர்களுக்கு அந்தத் தனிமை எப்படியிருந்திருக்கும் என்று விளங்கும். 1896 இல் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் வைத்தியர் அவரே என்று பல நூல்கள் எழுதுகின்றன. அது சரியல்ல, அவருக்கு முன்னரும் சிலர் இருந்தனர்.

பல்கலைக்கழக மனநோய்ச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தபோது, மனநோயாளர் விடுதிகளில் அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகளைக் கண்டார். உணவு முடிந்ததும் நிலத்தில் கிடக்கும் பாண் துணுக்குகளுக்காக அவர்கள் தவழ்கிறார்கள் என்று பராமரிப்பவர் அருவருப்போடு முறையிட்டாராம். மரியா அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் எடுக்க அங்கே வேறு ஒன்றுமே இருக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் பசி வயிற்றுப் பசியல்ல, கைகளின் பசி என்று கண்டுகொண்டார். இட்டார், செகுவின் என்ற பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களைத் தேடிப் படித்து, அவர்கள் வழியில் பொருட்கள் செய்வித்தார். 1900 இல் தொடங்கிய விசேட பாடசாலையில் அவர் பயிற்றுவித்த பிள்ளைகள் சிலர் ஏனைய பிள்ளைகள் எழுதும் பரீட்சையிலேயே தேறினார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். அவருக்கோ, நல்ல மூளையுள்ள பிள்ளைகள் ஏன் இவ்வளவோடு நிற்கிறார்கள் என்ற கவலை பிறந்தது.

இதற்கிடையில் ஒரு விடயம் நடந்தது. உடன் பணியாற்றிய வைத்தியர் மொண்டெசானோவுக்கும் அவருக்கும் 1898 மார்ச்சில் மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளரவிட்டு, தாய் என்று சொல்லாமலே போய்ப் பார்த்து வந்தார். உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வீடு அமைத்தவர் தன் பிள்ளையை வேறு வீட்டில் விட்டார். இதைச் சொல்லிக் குறை காண்பவர்கள் உண்டு. அன்று உண்மை வெளிப்பட்டிருந்தால் அவருடைய வேலையும் பெயரும் அன்றோடு முடிந்திருக்கும். குழந்தையின் தகப்பனுக்கு ஒன்றும் நேர்ந்திராது. எனக்குக் குறை காண மனம் வரவில்லை.

1907 ஜனவரி 6 இல், ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் சிறுவர் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் மாடிப்படிகளையும் சுவர்களையும் பழுதாக்கினார்கள். அதைத் தடுக்கத்தான் கட்டட நிர்வாகம் ஓர் அறையை ஒதுக்கியது. ஏறத்தாழ 50 பிள்ளைகள், ஆசிரியப் பயிற்சி இல்லாத ஒரு பெண், கந்தோருக்கு வாங்குவது போன்ற தளபாடம், பூட்டிய அலுமாரி. ஒருநாள் அலுமாரி பூட்டாமல் விடப்பட்டது. பிள்ளைகள் தாமே வேண்டியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியைக்கு அது களவு. மரியாவுக்கோ, தமக்கு எது வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி. அலுமாரிகள் பதிந்து, கதவுகள் இல்லாமல் போயின. பிள்ளை தானே தூக்கக்கூடிய பாரமற்ற கதிரைகள் வந்தன. கவனமின்றி நடந்தால் கதிரை விழுந்து சத்தம் போடும்; ஆசிரியை ஏச வேண்டியதில்லை. கைகழுவும் இடமும் பிள்ளையின் உயரத்துக்கு இறங்கியது. (எங்கள் பாலர் வகுப்பு வாங்கில் இருந்தால் என் கால் நிலத்தில் படாது. அரைமணித்தியாலத்தில் விறைத்துவிடும். அசையாதே என்று வேறு சொல்வார்கள்.)

அவர் வைத்தியராகவே அங்கு இருந்தார். மாதந்தோறும் உயரம், வாரந்தோறும் நிறை அளந்து குறிக்கச் செய்தார். மரக்கட்டையின் குழிகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்த மூன்று வயதுச் சிறுமியைக் கதிரையோடு தூக்கி மேசையில் வைத்தும், சுற்றிப் பாட்டுப் பாடச் செய்தும், அவள் 40 தடவைக்கு மேல் அதையே திரும்பத் திரும்பச் செய்ததை எண்ணினார். இன்னொரு நாள் கைக்குட்டையால் சத்தமின்றி மூக்குச் சிந்தும் விதத்தைக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மூக்கு ஒழுகுகிறது என்று எல்லோரும் ஏசியிருந்தார்கள். எப்படிச் சிந்துவது என்று அதுவரை ஒருவரும் காட்டியதில்லை.

எழுத்துக் கற்பிக்க அவர் எண்ணியிருக்கவில்லை. தாய்மார்தான் கேட்டார்கள். என்னிடம் வரும் தாய்மாரும் அதையே கேட்கிறார்கள்: மூன்றரை வயது, கொப்பியில் எழுதச் சொன்னால் அழுகிறான், ஏதும் குறையோ? விரல் எலும்புகளே இன்னும் முற்றாத வயது அது. மொண்டிசோரி கொப்பி கொடுக்கவில்லை. மணற்கடதாசியில் எழுத்துகளை வெட்டி, விரலால் தடவ விட்டார். டிசம்பர் மாதத்து வெயிலில் மொட்டைமாடியில் புகைபோக்கியருகே இருந்தபோது, ஐந்து வயதுச் சிறுவனிடம் சோக் கொடுத்து அதை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன் ஓட்டுத்தளத்தில் சொற்களை எழுதத் தொடங்கினான். எழுதக் கை தானாகவே வந்திருந்தது.

பிறகு புகழ். 1909 இல் நூல், 1913 இல் ரோமில் சர்வதேசப் பயிற்சி, 1915 இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வகுப்பறை. முசோலினியின் ஆதரவை அவர் 1924 முதல் சில ஆண்டுகள் ஏற்றுக்கொண்டதை மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆட்சியோடு ஒத்துப்போக முடியாமல், 1934 இல் இத்தாலியில் அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன.

தாயார் 1912 இல் இறந்த பின்னரே மரியோ அவரிடம் வந்து சேர்ந்தார். ஆனாலும் ஊருக்கு மருமகன், வளர்ப்பு மகன் என்றே பெயர். 1939 இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் இருவரும் சென்னை அடையாறுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, மரியோவைப் பிரித்தானிய அரசு தடுப்பு முகாமில் அடைத்தது. மரியா வளவை விட்டு வெளியேறத் தடை. ஆகஸ்ட் 31, அவருடைய 70 ஆவது பிறந்தநாளுக்கு, மகனைத் திருப்பி அனுப்புவதே தமது பரிசு என்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. மகன் என்ற சொல்லை முதலில் பகிரங்கமாக எழுதியது ஓர் அந்நிய அரசின் தந்தி.

போர்க்காலத்தைக் கொடைக்கானலிலும் கழித்து, 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். அந்தப் பெயர் இங்கு வேரூன்றியதில் அந்த வருகைக்கும் பங்குண்டு. 1952 மே 6 இல் நெதர்லாந்தின் நோர்ட்வைக் கடற்கரை ஊரில் அவர் இறந்தபோது மரியோ அருகிலிருந்தார். தாயின் வேலையை அவர் 1982 இல் தான் இறக்கும்வரை செய்தார்.