காவிரியை மீட்ட ஆர்தர் காட்டன்

தஞ்சைத் தரணி தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று நாம் பெருமை கொள்கிறோம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் களஞ்சியம் வெறுமையாகிவிடும் நிலையில் இருந்தது. அதைக் காத்தவர்களுள் முதன்மையானவர் சர் ஆர்தர் காட்டன்.

இவர் 1803-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் இங்கிலாந்தில், பதினொரு ஆண்மக்கள் நிறைந்த குடும்பத்தில் பத்தாவது மகனாகப் பிறந்தார். பதினைந்தாம் வயதில், அதாவது எங்கள் வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பள்ளியில் சேர்ந்தார். 1821-இல் பொறியாளராகச் சென்னைக்கு வந்தார். பர்மாப் போருக்கும் சென்று திரும்பினார். 1828-இல் காவிரியை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது.

காவிரிக்கு நேர்ந்த நோய்தான் என்ன? திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரியாகத் தஞ்சை வயல்களுக்குப் போகிறது. வடகிளை கொள்ளிடமாகக் கடலுக்குப் போகிறது. கொள்ளிடத்தின் பாதை குறுகியது, சரிவும் மிகுதி. ஆகவே வெள்ளம் அந்தப் பக்கமே பாய்ந்தது. காவிரியின் வாயிலோ மணலால் மேடிட்டது. மேடு உயர உயர நீர் குறைந்தது. நீர் குறையக் குறைய மேடு மேலும் உயர்ந்தது. ஆண்டுதோறும் ஆட்களை வைத்து மணலை வாரினார்கள். அடுத்த வெள்ளம் அதைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டியது!

கொள்ளிடத்தின் குறுக்கே ஓர் அணை எழுப்பினால் நீர் தானாகவே காவிரிக்குத் திரும்பும் என்று காட்டன் கண்டார். ஆனால் அடியில் பாறை இல்லை. தோண்டத் தோண்ட மணல்தான். மணலில் அணை நிற்குமா? இந்தக் கேள்விக்கு விடை அருகிலேயே இருந்தது. கரிகாலன் கட்டியதாகக் கூறப்படும் கல்லணை, மணலின்மேல் பல நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. பெருங்கற்களைக் களிமண்ணோடு சேர்த்து அடுக்கி, ஆற்று மணலிலேயே அவை அமிழ்ந்து நிலைபெறும்படி செய்திருந்தார்கள் நம் முன்னோர். ஆழம் காணாத மணலில் அடித்தளம் இடும் கலையை இந்நாட்டவரிடமே கற்றுக்கொண்டதாகக் காட்டன் பின்னாளில் ஒளிக்காமல் எழுதினார். ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் அந்தக் காலத்தில் இப்படி ஒப்புக்கொண்டது எங்களுக்கு வியப்பாக இருக்கிறது.

1836-இல் முக்கொம்பில் மேலணையும், கிழக்கே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. கொள்ளிடத்தில் தப்பிச் சென்ற நீரைக் கீழணை மறித்து, வீராணம் ஏரிக்கும் சிதம்பரம் பக்கத்து வயல்களுக்கும் அனுப்பியது. மணல் தங்காமல் வெளியேற மணற்போக்கி மதகுகளும் அமைந்தன.

ஆயினும் ஆறு அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. இப்போது காவிரியில் நீர் மிகுந்தது. அதன் படுகை அரிக்கப்பட்டு ஆழமாயிற்று. கொள்ளிடத்தில் மணல் சேர்ந்தது. ஆகவே 1840-களில் மேலணையின் ஒரு பகுதி தாழ்த்தப்பட்டது. காவிரியின் வாயிலிலும் நீரை அளந்துவிட ஓர் அணை கட்டப்பட்டது. ஒரு கிளையைக் காக்கப் போனால் மறு கிளைக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இடையில் நோயுற்று ஆஸ்திரேலியப் பக்கம் சென்ற காட்டன், 1841-இல் டாஸ்மேனியாவில் எலிசபெத் என்பவரை மணந்து திரும்பினார். பஞ்சத்தாலும் புயலாலும் நலிந்து கிடந்த கோதாவரிப் பகுதி அவரை அழைத்தது. தௌலேஸ்வரத்தில் நடுவிலுள்ள தீவுகளையும் சேர்த்து ஆற்றின் அகலம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர்! 1847-இல் தொடங்கிய அணை 1852-இல் முடிந்தது. அதிலிருந்து பிரிந்த கால்வாய்கள் வயலுக்கு நீரையும், சந்தைக்குப் படகுகளையும் கொண்டுசென்றன.

இதனால் கம்பெனிக்கு நிலவரி பெருகியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அணைக்குப் பணம் கேட்டபோது காட்டனும் அந்த வருமானத்தைக் காட்டியே வாதாடினார். ஆனாலும் ரயில் பாதைக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள், பஞ்சம் குறையும் என்று அவர் ஓய்வுக்குப் பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார். 1878-இல் பாராளுமன்றக் குழுவின் முன் இதற்காகக் கடுமையான கேள்விகளுக்கு உள்ளானார். அப்போது அவருக்கு வயது 75.

முக்கொம்புக்குச் சுற்றுலா போய்வருபவர்களுக்குப் பூங்காவும் ஊஞ்சலும் நினைவில் நிற்கின்றன, கட்டியவர் பெயர் நிற்பதில்லை. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளத்தில் மேலணையின் 9 மதகுகள் இடிந்து விழுந்தபோதுதான் செய்தித்தாள்கள் அந்தப் பெயரை அச்சிட்டன. பிறகு அதன் அருகே புதிய அணை கட்டப்பட்டது. கோதாவரிக் கரையிலோ ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை இருக்கிறது. தௌலேஸ்வரத்தின் புதிய அணைக்கும் அவர் பெயர்தான்.

முதுமையில் காட்டன் இங்கிலாந்தில் டார்க்கிங் என்னும் ஊரில் வாழ்ந்தார். அங்கும் சும்மா இருக்கவில்லை. நிலத்தை ஆழமாகக் கொத்திப் பயிரிட்டால் விளைச்சல் எவ்வளவு கூடும் என்று தம் தோட்டத்தில் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1899 ஜூலை 24-ஆம் நாள், 96-ஆம் வயதில் மறைந்தார்.