கொல்லர் மகன் ஏற்றிய மெழுகுவர்த்தி

பள்ளிக்கூடத்திற்கு அறிவியல் செய்முறைப் பெட்டி வருகிறது. காந்தம், கம்பிச் சுருள், கண்ணாடி வில்லை, சோதனைக் குழாய் எல்லாம் அதில் இருக்கின்றன. வந்த அன்றே அது இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. சில பள்ளிகளில் அன்றே அலமாரிக்குள்ளும் ஏறிவிடுகிறது. உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற அச்சம் ஆசிரியருக்கு. தொட்டால் திட்டு விழுமே என்ற அச்சம் பிள்ளைக்கு. பூட்டிய பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, காந்தம் இரும்பை ஈர்க்கும் என்று மனப்பாடம் செய்கிறது குழந்தை. இதைக் கல்வி என்று நாம் ஒப்ப முடியுமா?

ஒப்ப முடியாது என்பதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையே சான்று. அவர்தான் மைக்கேல் பாரடே. இன்று நம் வீட்டில் விளக்கு எரிகிறது, ஆலையில் இயந்திரம் சுழல்கிறது என்றால், அதன் அடித்தளத்தில் அவருடைய உழைப்பு இருக்கிறது.

1791 செப்டம்பர் 22-இல் லண்டனை அடுத்த நியூவிங்டனில் அவர் பிறந்தார். தந்தை கொல்லர், நோயாளி. பட்டறையில் நாள் முழுதும் நின்று சம்மட்டி அடிக்க அவருடைய உடல் இடம் தரவில்லை. 1801-இல் பஞ்சம் வந்தபோது, ஒரு ரொட்டியை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டினான் சிறுவன் மைக்கேல். எழுத்தும் படிப்பும் சிறிது கணக்கும் கற்றதோடு பள்ளி முடிந்தது. 14 வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் பைண்டிங் வேலை பழகச் சேர்ந்தான். ஒப்பந்தம் ஏழாண்டு.

கட்டுவதற்கு வந்த புத்தகங்களை அவன் படித்தான். படித்ததோடு நின்றானா? அங்கேதான் இருக்கிறது செய்தி! கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிப் படித்தான். உடனே கையிலிருந்த சில்லறையைச் செலவிட்டு ஒரு சிறு மின் இயந்திரம் செய்து பார்த்தான். ஜேன் மார்செட் அம்மையார் எளிய நடையில் எழுதிய வேதியியல் நூலைப் படித்தான். அதில் சொன்னது சரிதானா என்று தன் கையாலேயே சோதித்தான். 1812-இல் ஏழு அரைப்பென்னிக் காசுகளை எடுத்தான். அதே அளவில் துத்தநாகத் தகட்டை வட்டமாக வெட்டினான். இடையிடையே உப்புநீரில் நனைத்த தாளை வைத்து அடுக்கினான். மின்கலம் ஆயிற்று! எந்த அரசும் அவனுக்குப் பெட்டி அனுப்பவில்லை. பையிலிருந்த காசே அவனுக்குப் பரிசோதனைப் பெட்டி.

அறிவியல் சொற்பொழிவு கேட்க ஒரு ஷில்லிங் கட்டணம். கொல்லு வேலை செய்த அண்ணன் ராபர்ட் அதைக் கொடுத்தார். சம்மட்டி பிடித்த கை கொடுத்த காசு அது என்பதை உழைக்கும் தோழர்கள் மறக்கலாகாது.

ராயல் நிறுவனத்தில் புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவி பேசினார். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் தந்த நுழைவுச் சீட்டில் பாரடே போய்க் கேட்டார். கேட்டதைப் படங்களோடு எழுதி, தாமே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கேயே ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. ஐரோப்பியப் பயணத்தில் டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். ஆனால் எந்த அறிஞர் உலகம் அவரை வாசலில் நிறுத்தியதோ, அதே உலகம் பின்னர் அவர் பேச்சைக் கேட்க வந்து அமர்ந்தது.

1821-இல் மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். இன்றைய மோட்டாருக்கு அதுவே முன்னோடி. அதை அறிவித்ததோடு அவர் விடவில்லை. சட்டைப் பையில் வைக்கத்தக்க சிறு கருவியாகச் செய்து மற்ற விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். என் சொல்லை நம்ப வேண்டாம், உங்கள் கையாலேயே ஓட்டிப் பாருங்கள் என்பதன்றோ அதன் பொருள்! 1831-இல் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் இழுத்தும் மின்சாரம் பிறப்பதைக் காட்டினார். மின் நிலையங்களில் சுழலும் டைனமோக்கள் அந்த உண்மையின் பிள்ளைகளே. உயர் கணிதம் அவர் கற்றதில்லை. கற்ற கை இருந்தது. கேள்வி கேட்கும் மூளை இருந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கான அறிவியல் சொற்பொழிவுகள் 1825-இல் அந்நிறுவனத்தில் தொடங்கின. 1827 முதல் 1860 வரை பாரடே மட்டும் 19 தொடர்கள் நடத்தினார். அவற்றுள் பெயர்பெற்றது மெழுகுவர்த்தியைப் பற்றியது. ஆறு சொற்பொழிவுக்கும் பொருள் ஒரே ஒரு மெழுகுவர்த்தி!

சுடரை அணைத்தார். திரியிலிருந்து வெண்புகை எழுந்தது. அந்தப் புகையில் எரியும் குச்சியைக் காட்டினார். நெருப்பு புகைவழியே தாவித் திரியை மீண்டும் பற்றியது. எரிவது மெழுகின் ஆவி என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். சுடருக்கு மேலே குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்தார், தண்ணீர் துளிர்த்தது. சுடரின் காற்றைச் சுண்ணாம்புத் தெளிநீரில் செலுத்தினார். நீர் பால்போல் வெளுத்தது. வாயால் ஊதினாலும் அதே வெளுப்பு! எரியும் திரிக்கும் மூச்சு விடும் மனிதனுக்கும் உள்ள உறவை இப்படி விளக்கினார்.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. அந்த மண்டபத்தில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள். 1855-இல் பட்டத்து இளவரசரே வந்து கேட்டார். கொல்லர் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே சீட்டு எளிதில் கிடைக்காது. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட பொருளைப் பாருங்கள்! தங்கமல்ல, வைரமல்ல; ஏழையின் குடிசையிலும் எரியும் மெழுகுவர்த்தி. 1861-இல் அப்பேச்சு நூலாக வந்தது. சீட்டு வாங்க முடியாதவனும் அதைப் படித்துச் செய்து பார்க்க வழி பிறந்தது.

செய்து பார்க்கும் பழக்கம் மூடத்தனத்துக்கும் பகை. 1853-இல் இங்கிலாந்தில் ஒரு பித்து பரவியது. மேசையைச் சுற்றி அமர்ந்து கை வைத்தால் ஆவிகள் அதை நகர்த்தும் என்றார்கள், படித்தவர்களும் நம்பினார்கள். பாரடே வாதம் புரியவில்லை. இரு பலகைகளுக்கு இடையே கண்ணாடி உருளைகளை வைத்து, மேற்பலகை அசைந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு துரும்பையும் பொருத்தினார். கைகளே தம்மையறியாமல் தள்ளுகின்றன என்று துரும்பு சொல்லிற்று. துரும்பைப் பார்த்துக்கொண்டே அமர்ந்தபோது மேசை நகரவில்லை! ஒரு துரும்பு ஆவிக் கூட்டத்தை விரட்டியது. 1862-இல் பெரும் பள்ளிகளை ஆராய்ந்த அரசுக் குழுவின் முன், பள்ளிப் படிப்பில் அறிவியலுக்கு இடம் வேண்டும் என்று வலியுறுத்தினார்.

சர் பட்டத்தை மறுத்தார்; ராயல் சொசைட்டித் தலைமையையும் மறுத்தார். 1867 ஆகஸ்ட் 25-இல் மறைந்தார்.

கை வேலை தாழ்ந்தது, மூளை வேலை உயர்ந்தது என்று பிரித்து வைத்திருக்கிறார்களே, அந்தச் சுவரைப் பாரடேயின் வாழ்க்கை தகர்க்கிறது. உழைக்கும் தோழர்களே, உங்கள் பிள்ளையின் பள்ளிக்குச் செல்லும்போது மதிப்பெண்ணை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். அந்தப் பெட்டி எங்கே, என் பிள்ளை அதைத் தொட்டதா என்று பணிவோடு கேளுங்கள். உடையும் குழாய்க்கு ஆசிரியரின் சம்பளத்தில் பிடித்தம் வராதபடி செய்யுங்கள் என்று நிர்வாகத்தையும் கேளுங்கள். உடைந்த குழாயை மீண்டும் வாங்கலாம். உறங்கிப்போன ஆர்வத்தை எந்தக் கடையில் வாங்குவது?

பெட்டி திறக்கட்டும். பிள்ளையின் கை அதில் படட்டும்!