அணுவுக்கு எடை போட்ட வாத்தியார்

ஜான் டால்டன் காலேஜில் படித்தவரே இல்லை. 1766-ல் இங்கிலாந்தின் ஈகிள்ஸ்ஃபீல்டு கிராமத்தில் பிறந்த நெசவாளி மகன். 12 வயசிலேயே வாத்தியார் ஆயிட்டார்.

1787 முதல் தினமும் வானிலையைக் குறித்து வைத்தார். காற்றிலுள்ள வாயுக்கள் எடைவாரியா அடுக்கடுக்காகப் பிரியாமல் ஏன் கலந்தே கிடக்குது? இந்தக் கேள்விதான் அவரை அணுவிடம் கொண்டுபோய் விட்டது.

அணுவைப் பற்றி கிரேக்கர்கள் எப்பவோ பேசியாச்சு. ஆனா 1803-ல் ஹைட்ரஜனை 1 என்று வைத்து மற்ற அணுக்களுக்கு எடை போட்டவர் இவர்தான். தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்சிஜன் என்று நினைத்ததால், ஆக்சிஜனின் எடை பாதிக்கும் கீழே போச்சு. 2 பங்கு ஹைட்ரஜனோடு 1 பங்கு ஆக்சிஜன் சேருதுன்னு கே-லுசாக் அளந்து காட்டியும் மனுஷன் ஏத்துக்கலை!

1844 ஜூலை 26 அன்றும் நடுங்கும் கையால் வானிலைக் குறிப்பு எழுதினார். மறுநாள் இறந்தார்.