மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்

கல்வியிற் சிறந்தார் பலர். அக்கல்வி பிறர்க்குப் பயன்படுமாறு நாடோறும் ஒழுகினார் சிலரே. அச்சிலருள் முதல்வைத்து எண்ணத்தக்கார் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் என்பது நம் துணிபு.

இவர்கள் 1815-ஆம் ஆண்டு சிதம்பரம் பிள்ளையவர்களின் குமாரராய்த் தோன்றித் தந்தையாரிடமே தமிழ் கற்கத் தொடங்கினார்கள். விரைந்து கவிபாடும் ஆற்றல் இளமையிலேயே வாய்த்திருந்தும், அதனையே பெரிதென மதித்துக் கற்றலை நிறுத்தினார்களில்லை. தண்டியலங்காரத்தில் வல்ல பரதேசி ஒருவர் திரிசிரபுரத்து வீதிகளில் இரந்துண்டு திரிதலை அறிந்து, அவர்பின் சென்று பணிவிடை புரிந்து அந்நூலைப் பாடங்கேட்டார்கள்.

பின்னர்த் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாய் விளங்கிய காலத்தும் பொருள்முட்டும் கடனும் இவர்களை விட்டு நீங்கவில்லை. ஆயினும், வந்த மாணாக்கர்க்கு உணவளித்துக் கைம்மாறு கருதாது பாடஞ்சொல்லுதலைக் கைவிட்டார்களில்லை. கிறிஸ்தவராகிய சவராயலு நாயகரும் இவர்களிடம் பயின்றவரே. திருவாசகம் ஓதக் கேட்டவாறே 1876-ஆம் ஆண்டு பெப்ருவரி 1-ஆம் நாள் சிவபதம் எய்தினார்கள்.

இவர்கள் இயற்றிய தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் மிகப்பல. அவற்றை முற்றும் ஓதுவார் இன்று அரியர். ஆனால், 1871 முதல் இறுதிவரை இவர்களிடம் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சிந்தாமணியையும், 1889-இல் பத்துப்பாட்டையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்து உலகிற்கு உதவினார்கள். ஆசிரியரது கவித்திறம் அவரோடு அமைந்தது. நாள்தோறும் பாடஞ்சொல்லிய ஒழுக்கமோ மாணாக்கர் வழியே தழைத்தது.

புலமை திருவருளால் வாய்ப்பது. அதனை எவ்வாறு செலவிடுதல் என்பது ஒவ்வொரு நாளும் நாமே துணியவேண்டுவது. மடங்களிலும் மனைகளிலும் ஏடு விரித்துக் காத்திருக்கும் மாணாக்கன் ஒருவனைப் பொழுதில்லையென்று திருப்பி அனுப்புமுன், நாம் பிள்ளையவர்களை நினைவோமாக.